ஆயாவின் மூக்கு

எங்கள் ஆயாவின் மூக்கு ஊரறிந்த மூக்கு. பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. இடது பக்கம் ஒற்றைக்கல் மூக்குத்தி, வலது பக்கம் ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க ஒரு வேப்பங்குச்சி, அவ்வளவுதான். ஆனால் தெருவில் யார் வீட்டில் கருவாடு வறுத்தாலும் அது நெத்திலியா வாளையா என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடும். தயிருக்கு உறை குத்தியது நேற்றா முந்தாநாளா என்று உறியைத் தொடாமலே சொல்லும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கூட இறக்க விடாமல் சட்டையை இழுத்து மோந்து பார்த்து, "ஆத்துப்பக்கம் போனியா?" என்று கேட்கும். சுவேத நதியில் தண்ணீர் ஓடுகிற நாள் வருசத்தில் கொஞ்சம்தான்; மிச்ச நாளெல்லாம் மணலும் நாணலும் அங்கங்கே குட்டையும். அந்தக் குட்டையில் கால் நனைத்துவிட்டு எவ்வளவு வெயிலில் காய்ந்து வந்தாலும் தப்ப முடியாது. "பாசி நாத்தம் அடிக்குது சாமி, யார்கிட்ட கதை விடற?" என்று சிரிக்கும். அடிக்காது.

மாசம் என்னவென்று தெரிந்துகொள்ள நாள்காட்டி எதற்கு, காத்தை மோந்தால் போதும் என்பது ஆயாவின் கட்சி. தை பிறந்து கொஞ்ச நாளில் மஞ்சள் தோண்டுவார்கள். களத்தில் கொப்பரையை ஏற்றி மஞ்சள் வேகவைக்கிற ஆவி, மண்ணும் மருந்துமாகக் கலந்த வாசனையோடு விடிகாலையில் எங்கள் கெங்கவல்லித் தெருவரைக்கும் வந்து நிற்கும். பாக்கு வேகவைக்கிற வீடுகளிலிருந்து வருகிற துவர்ப்பு வாசனை வேறு ரகம், அதை மோந்தாலே எனக்கு நாக்கு வறண்டுவிடும். ஆத்தூர் போகிற பஸ்ஸில் ஏறினால் சேகோ பேக்டரி எங்கே இருக்கிறது என்று போர்டு பார்க்க வேண்டியதில்லை. குச்சிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்த பிறகு மிஞ்சுகிற திப்பியும் நின்று புளித்த தண்ணீரும் சேர்ந்து கிளப்புகிற நாற்றத்துக்கு வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள், நம்மவர்கள் பேச்சை நிறுத்தாமல் போய்க்கொண்டிருப்பார்கள். ஆனால் அதே பேக்டரியில் ஜவ்வரிசி வறுக்கிற பக்கம் போய் நின்று பாருங்கள், தேங்காயெண்ணெய் தடவிய சூடான தட்டில் மாவுமணிகள் புரளுகிற மணத்துக்குப் பசி எடுத்துவிடும். சித்தப்பா அங்கே வேலை பார்த்தார். அவர் வாசல்படி ஏறும்போதே ஆயா, "இன்னிக்குத் தொட்டி கழுவினியா?" என்றோ "வறுவல்ல நின்னியா?" என்றோ கேட்கும். தவறியதே இல்லை. பச்சைமலையில் மழை பிடித்தால் எங்களுக்கு இருட்டுவது தெரியும் முன்னால் ஆயா எழுந்துபோய்க் காயப்போட்ட மிளகாயை அள்ளியிருக்கும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது வெண்ணெய் உருக்குகிற நாள். சேர்த்து வைத்த வெண்ணெயை நன்றாக அலசி, இரும்பு வாணலியில் போட்டு, விறகைப் பின்னுக்கு இழுத்துத் தணலை மட்டும் முன்னால் தள்ளிவிட்டு ஆயா பலகை போட்டு உட்காரும். முதலில் வெண்ணெய் இளகி நுரைக்கும். உள்ளே இருக்கிற மோர்த்தண்ணி சடசடவென்று வெடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சத்தம் தேய்ந்து, நுரை ஒதுங்கி, அடியில் கசண்டு பொன்னிறமாகத் தெரிய ஆரம்பிக்கும்போது ஒரு கொத்து முருங்கைக்கீரையை உருவிப் போடும். கீரை சுருண்டு மொறுமொறுவென்று ஆவதற்குள் வாணலியை இறக்கிவிட வேண்டும். முந்தினால் பச்சை வாசனை, பிந்தினால் கருகல். ஆயா வாணலியைத் திரும்பியே பார்க்காது. எங்களுக்குக் கதை சொல்லிக்கொண்டே இருக்கும், ராஜா குதிரையில் ஏறுகிற கட்டத்தில் பேச்சை அப்படியே விட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் பிடித்து இறக்கும். எப்படித் தெரியுது ஆயா என்று கேட்டால், "மூக்குல வந்து சொல்லுது கண்ணு" என்று ராஜாவிடம் திரும்பிப் போகும். கசண்டில் சர்க்கரை தூவி, சூடான சோற்றைப் போட்டுப் பிரட்டி, ஆளுக்கு ஒரு உருண்டை கிடைக்கும். அந்த உருண்டைக்காக நானும் தம்பியும் போட்ட சண்டைகளை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

நான் ஆறாவதோ ஏழாவதோ படித்தபோது, ஒரு நாள் நெய் கருகியது. நான் பக்கத்தில்தான் இருந்தேன், கதையில் வாயைப் பிளந்துகொண்டு. பொடக்காளியில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள்; எதிர்வீட்டு அக்கா "என்னங்க கருகுது?" என்று கத்திக்கொண்டே வந்தது. வாணலியில் கீரை கரித்துண்டாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, புகை சிம்னியைத் தேடிப் போகிறது, அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த ஆயா இவர்கள் இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்த்து, "ஏன் இப்படி ஓடியாறீங்க?" என்றது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். புளியம்விறகு, தணல் அதிகம், பேச்சு சுவாரசியம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். ஆயாவும் சேர்ந்து சிரித்தது. அதற்குப் பிறகு நெய் உருக்கும்போது கதை கிடையாது. "எவனும் வாயைத் தொறக்கக் கூடாது" என்று எங்களைத் திண்ணைக்கு விரட்டிவிட்டு, தலையைச் சாய்த்து வாணலியையே கேட்டுக்கொண்டிருக்கும். சடசடப்பு நின்றதும் இறக்கிவிடும். நெய் மறுபடி நன்றாகவே வந்தது. மூக்கு விட்டுப்போன வேலையைக் காது எடுத்துக்கொண்டது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, ஆயாவுக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஏனென்றால் அது தன் மூக்கைக் குறை சொன்னதே இல்லை. குறையெல்லாம் மளிகைக்கடைக்காரர் மேல். "பெருங்காயத்துல மாவைக் கலந்து கலந்து வாசமே இல்லாமப் பண்ணிட்டான்" என்று கட்டியை அவர் கல்லாவிலேயே வைத்துவிட்டு வந்தது. பூக்காரம்மாவிடம், "மல்லியா இது, காயிதத்துல செஞ்சியா?" என்றது. காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "வெந்நியில வெல்லத்தப் போட்டாப்பல இருக்குது" என்று கீழே வைத்தது. உரம் போட்டு மண்ணைக் கெடுத்துவிட்டார்கள், முன்னே மாதிரி எதுவும் மணக்கவில்லை என்று சொல்லும்போது தெருவில் இருக்கிற பெரியவர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை என்பதுதான் வேடிக்கை. பெருங்காயத்தில் மாவு சேர்க்கத்தான் செய்கிறார்கள். உப்பு, புளிப்பு, உறைப்பு மட்டும் ஆயா சரியாகக் கண்டுபிடிக்கும், ரசத்தில் ஒரு கல் உப்பு கூடினாலும் சொல்லிவிடும். உப்பும் புளியும் நாக்கின் கணக்கு. ரசத்தை ரசமாக்குகிற மல்லி, சீரகம், பெருங்காயம் எல்லாம் மூக்கின் கணக்கு. தொண்டைக்குப் பின்னால் ஏறிப் போகிற ஆவியை மூக்கின் உச்சியில் இருக்கிற சின்னத் திட்டு ஒன்று வாங்கிக்கொள்கிறது. அங்கிருந்து நரம்பு இழைகள் சல்லடை போன்ற ஒரு மெல்லிய எலும்பைத் துளைத்துப் போய், மூளையின் முன்பக்க அடியில் இருக்கிற மோப்பக் குமிழ்களைத் தொடுகின்றன. ஆயாவுக்கு அந்தக் குமிழ்களில் ஏதோ நடக்க ஆரம்பித்திருந்தது. இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஆற்றுக்குப் போய்விட்டு வந்தால் இப்போது மாட்டிக்கொள்வதில்லை என்பதுதான். வயசாகிவிட்டதால் ஆயா தளர்த்திவிட்டது என்று நினைத்துக்கொண்டு சந்தோசமாகக் குட்டையிலேயே கிடந்தேன்.

அந்த வருசங்களில் எங்களுக்குள் இன்னொரு விளையாட்டு இருந்தது. இராத்திரி ஆயா பக்கத்தில் படுப்பவனுக்கு உதை கிடைக்கும். நல்ல தூக்கத்தில் திடீரென்று "ஏய், ஓட்டுறா ஆட்டை!" என்று ஒரு அதட்டல், கூடவே கை வீசும், கால் உதைக்கும். ஒருமுறை தம்பியின் மூக்கில் பட்டு இரத்தமே வந்தது. காலையில் கேட்டால், காட்டுக்குள் நாய் துரத்தியதாகவும் ஆட்டைக் காப்பாற்றியதாகவும் விவரமாகச் சொல்லும். பகலில் ஒரு எறும்பைக் கூட அதட்டாத மனுசி. காத்து கருப்பு பட்டிருக்கும் என்று வேப்பிலை அடித்து விபூதி போட்டுக் கூட்டிவந்தார்கள், உதை நிற்கவில்லை. கனவு காணும்போது நம் எல்லோருக்கும் உடம்பு கட்டிப்போட்டது போலாகிவிடும்; கனவில் ஓடினாலும் கால் ஓடாது. அந்தக் கட்டு சிலருக்குத் தளர்ந்துவிடுகிறது, கனவில் ஓடுகிறவர் கட்டிலிலும் ஓடுகிறார். அப்படிப்பட்டவர்களில் நிறையப் பேருக்குப் பல வருசம் கழித்து, பிற்பாடு ஆயாவுக்கு வந்த நடுக்குவாதமோ அதன் பங்காளி நோய்களில் ஒன்றோ வருகிறது என்று இப்போது நரம்பு வைத்தியர்கள் சொல்கிறார்கள். அந்த நாட்களில் ஆயா தினமும் இராத்திரி கடுக்காய்ப்பொடி கேட்டு வாங்கி விழுங்கியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலச்சிக்கலும் இப்படி முன்கூட்டியே வருகிற கூட்டத்தில் ஒன்றுதான். வயசானால் வயிறு அப்படித்தான் என்று நினைத்தோம்.

கோலம் சிறுத்ததைச் சித்திதான் முதலில் பார்த்தது. மார்கழியில் ஆயா போடுகிற கோலம் வாசல் தாண்டித் தெருவில் பாதிக்கு வரும், சைக்கிள்காரர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போவார்கள். அது வருசா வருசம் உள்ளே வந்துகொண்டிருந்தது. புள்ளி வைக்க ஆரம்பிக்கும்போது விரலிடை நன்றாக இருக்கும், வரிசை போகப் போகப் புள்ளிகள் நெருங்கி, கடைசி வரிசையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கோட்டை இழுத்துச் சுழிக்க இடமே இருக்காது. "கோலப்பொடிய மிச்சம் புடிக்குது பாரு" என்று சித்தி கேலி செய்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த நோயில் கையெழுத்து இப்படித்தான் ஆகிறது. வரியின் தொடக்கத்தில் நெல்லளவு இருக்கிற எழுத்து முடிவில் எள்ளளவு ஆகிவிடும். ஆயா கையெழுத்துப் போட்டதில்லை, கைநாட்டுதான். அதனால் கோலம்தான் அதற்குக் கையெழுத்து. அதே சமயத்தில் நடக்கும்போது வலது கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. முகத்தில் சிரிப்பு வந்து போகிற வேகம் குறைந்தது. கண் சிமிட்டுவது குறைந்து, நம்மை முறைப்பது போலிருக்கும். "உங்கம்மா யாருக்கும் மொகங்குடுக்கறதில்லீங்களே, என்ன கோவம்?" என்று ஒறம்பரைகள் அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். கதை சொல்கிற குரலும் தேய்ந்து, ராஜா குதிரை ஏறுகிற இடத்தில் நாங்கள் ஆயாவின் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

இவ்வளவும் ஆன பிறகுதான் நடுக்கம் வந்தது. திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாக உரசிக்கொள்ளும். வெற்றிலைக்குக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பை உருட்டுகிற அதே அசைவு; கையில் வெற்றிலைதான் இருக்காது. எதையாவது எடுக்கப் போனால் நடுக்கம் நின்றுவிடும், மடியில் வைத்தால் மறுபடி தொடங்கிவிடும். அதுதான் இந்த நோயின் அடையாளம், கை சும்மா இருக்கும்போது ஆடுவது. அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவை டிவியில் காட்டினார்கள். முகமது அலி வெள்ளைச் சட்டையில், ஒரு கை வெடவெடவென்று ஆட, இன்னொரு கையில் தீப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். உலகமே அழுததாகப் பிறகு எழுதினார்கள். எங்கள் ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தாளுக்கும் என்னாட்டமே ஆடுது பாரு" என்றது. அதற்குப் பிறகுதான் அப்பா சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சேலத்து டாக்டர் நல்லவர், பொறுமையாகப் பார்த்தார். விரலால் விரலைத் தட்டச் சொன்னார். போகப் போகத் தட்டு சிறுத்துக்கொண்டே வந்தது, கோலப்புள்ளியைப் போலவே. கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். நடக்கவிட்டு, திரும்பவிட்டு, பின்னால் நின்று தோளை இழுத்துப் பார்த்தார். நடுக்குவாதம், பார்க்கின்சன் என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, "போன தீபாவளியிலிருந்து" என்று அப்பா சொன்னார். மூக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. கருகிய நெய்க்கும் ஆடுகிற விரலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அந்த அறையில் யாருக்குத் தோன்றியிருக்கும்? லண்டனில் இந்த நோயைப் பற்றி முதன்முதலில் முறையாக எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சனுக்கே தோன்றவில்லை. 1817-இல் வந்த அவருடைய சிறு நூலில் இருப்பது ஆறே ஆறு பேர், அதிலும் சிலரை அவர் தெருவில் போகும்போது பார்த்ததோடு சரி. அவ்வளவு கூர்மையாகக் கவனித்த மனிதர், புலன்களுக்கும் அறிவுக்கும் இதில் சேதமில்லை என்று எழுதிவைத்துவிட்டார். மோப்பம் போவதை ஆய்வுகளில் அளந்து பார்க்க 1970-கள் வரை ஆனது.

2003-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹைக்கோ பிராக் என்பவரும் கூட இருந்தவர்களும் இறந்தவர்களின் மூளைகளைச் சீவிப் பார்த்து ஒரு வரிசை சொன்னார்கள். ஆல்பா சைனூக்ளின் என்ற புரதம் உருமாறிக் கட்டி கட்டியாகச் சேர்வதுதான் இந்த நோயின் சுவடு. அது முதலில் தென்படுவது மோப்பக் குமிழிலும், குடலை ஆட்டிவைக்கிற நரம்பு தொடங்கும் மூளைத்தண்டின் அடியிலும். அங்கிருந்து மேலே ஏறி, தூக்கத்தை ஆளுகிற இடங்களைக் கடந்து, மூன்றாவது கட்டத்தில்தான் நடுமூளையில் கருப்பாகத் தெரிகிற அந்தச் சின்னப் பகுதிக்கு வருகிறது. அங்கேதான் டோபமைன் சுரக்கிற செல்கள் இருக்கின்றன. கை ஆட ஆரம்பிக்கும்போது அவற்றில் பாதியோ அதற்கு மேலோ அழிந்திருக்கும் என்கிறார்கள். எல்லா நோயாளிக்கும் இந்த வரிசை பொருந்துவதில்லை, அதைப் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நெய், கடுக்காய், இராத்திரி உதை, கோலம், விரல் என்று எங்கள் வீட்டில் நடந்த வரிசை அப்படியே அதில் இருந்தது. போன தீபாவளி என்று அப்பா சொன்னாரே, அது பத்து வருசத்துக்கு முந்தைய ஒரு வெண்ணெய் உருக்கிய நாளில் தொடங்கியிருக்கலாம்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது லெவோடோபா மாத்திரை. டோபமைனை நேராகக் கொடுத்தால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது, லெவோடோபா போகும், உள்ளே போய் டோபமைனாக மாறும். வழியிலேயே வீணாகாமல் இருக்கக் கூடவே கார்பிடோபா என்று ஒரு காவல்காரன். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் விழுங்க வேண்டும். பருப்பு, பால், கறி இவற்றில் இருக்கிற புரதம் மாத்திரையோடு போட்டி போட்டு உள்ளே விடாது. ஆயாவுக்குப் பருப்புக் கடைசல் இல்லாமல் களி இறங்காது. கடைசலை இராத்திரிக்குத் தள்ளிவைக்கச் சொன்னதற்கு டாக்டரை என்னென்ன சொல்லித் திட்டியது என்பதை இங்கே எழுத முடியாது.

இந்த மாத்திரைக்குள் இருக்கிற சரக்கு எங்கள் பக்கத்து வேலியில் காய்த்துத் தொங்கியது என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பச்சைமலை அடிவாரத்துப் புதர்களில் படர்கிற பூனைக்காலிக் கொடியைப் பார்த்திருப்பீர்கள். ஊதாப் பூ, வளைந்த காய், காய் முழுக்கப் பழுப்பு நிறத்தில் வெல்வெட்டு மயிர். அந்த மயிரைத் தாளில் தட்டி எடுத்துவந்து பெஞ்சில் தூவினால் உட்காருகிறவன் வகுப்பு முடியும்வரை சொறிவான். நானும் தூவியிருக்கிறேன், என் மேலும் தூவியிருக்கிறார்கள். சாணியைக் கரைத்துப் பூசிக் கழுவிவிட்டது இதே ஆயாதான். அந்தப் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937-இல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் கூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் இராமசாமியும். அது நடுக்குவாதத்துக்கு ஆகும் என்று அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. இருபது வருசம் கழித்து சுவீடனில் ஆர்விட் கார்ல்சன், நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரெசர்பினைக் கொடுத்து முயல்களை அசையாமல் ஆக்கி, பிறகு டோபா ஊசி போட்டு எழுந்து ஓடவைத்தார். அந்த வழியில் வந்த ஆராய்ச்சிக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஜார்ஜ் கோட்சியாஸ் 1967-இல் அமெரிக்காவில் நோயாளிகளுக்கு டோபாவை வாய்வழியாகக் கொடுத்து நடக்கவைத்துக் காட்டினார். இதைப் படித்துவிட்டு யாரும் வேலியோரம் விதை பொறுக்கப் போக வேண்டாம். ஒரு விதையில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குக் கிடையாது, மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து.

மாத்திரை ஆயாவை நன்றாகவே எழுப்பிவிட்டது. கை வீசி நடந்தது, முகத்தில் பழைய குறும்பு வந்தது, பூக்காரம்மாவோடு சண்டை மறுபடி தெருவுக்குக் கேட்டது. சில வருசம் அப்படிப் போனது. பிறகு ஒரு வேளை மாத்திரைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் இறங்குமுகம் வர ஆரம்பித்தது. மணி பதினொன்றானால் கால் ஒட்டிக்கொள்ளும். முக்கியமாக ஆசாரத்திலிருந்து வாசலுக்கு வருகிற நிலைப்படி. அதுவரை சின்னச் சின்ன அடியாக வேகமாக வரும் ஆயா, நிலைப்படிக்கு முன்னால் தரையில் ஆணி அடித்தது போல நின்றுவிடும். உடம்பு முன்னால் சாயும், பாதம் வராது. பிடித்து இழுத்தால் விழும். சித்திக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, ஒரு நாள் கோலப்பொடியை எடுத்து நிலைப்படிக்கு முன்னால் ஒரு அடிக்கு ஒரு கோடு என்று குறுக்கே இழுத்துவிட்டு, "கோட்டத் தாண்டுங்கத்தே" என்றது. ஆயா கோட்டைப் பார்த்தது, காலைத் தூக்கியது, தாண்டியது. அடுத்ததையும் தாண்டியது. தானாக நடக்கிற நடை மறந்துபோனாலும், பார்த்துத் தாண்டுகிற வழி மூளையில் வேறாக இருக்கிறது. உலகம் முழுக்க இயன்முறை மருத்துவர்கள் தரையில் பட்டைகள் ஒட்டிச் செய்வதும் இதுதான். சித்தி பிறகு சுண்ணாம்பில் நிரந்தரமாகவே கோடு போட்டுவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன புதுக் கோலம் என்று கேட்பார்கள்.

ஆனால் மூக்கு திரும்பவில்லை. எத்தனை மாத்திரை போட்டாலும் மோப்பத்துக்கு அது உதவுவதில்லை. அந்த வேலைக்கு டோபமைன் மட்டும் போதாது. ஆயா போகும்வரைக்கும் மளிகைக்கடைக்காரர் பெருங்காயத்தில் ஏமாற்றுகிறார் என்றுதான் நம்பியது.

ஸ்காட்லாந்தில் ஜாய் மில்ன் என்று ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார். அவர் கணவர் டாக்டராக இருந்தவர். கல்யாணமாகிச் சில வருசம் கழித்து அவர் மேல் கஸ்தூரி போல ஒரு வாடை வர ஆரம்பித்தது, சரியாகக் குளிப்பதில்லை என்று இவர் சண்டை போட்டிருக்கிறார். பன்னிரண்டு வருசம் கழித்து அவருக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்தது. பிற்பாடு நோயாளிகள் கூடிய ஒரு கூட்டத்துக்குப் போனால் அறை முழுக்க அதே வாடை. எடின்பரோவில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் நோயாளிகள் ஆறு பேர், மற்றவர்கள் ஆறு பேர் போட்ட பனியன்களைக் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் சரி. நோயில்லாத ஒருவரின் பனியனுக்கும் நோய் என்று சொல்லிவிட்டார். சில மாதம் கழித்து அந்த மனிதருக்கும் நோய் இருப்பது தெரிந்தது. தோலில் ஊறுகிற எண்ணெய்ப்பசையில் அந்த வாடை இருக்கிறது என்று மான்செஸ்டரில் இப்போது ஆராய்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, எங்கள் ஆயாவின் பழைய மூக்கை யாராவது அந்த அம்மாவோடு போட்டிக்கு விட்டிருக்க வேண்டும்.

மோப்பத்தை அளக்க அமெரிக்காவில் சிறு புத்தகங்கள் வைத்திருக்கிறார்கள், தாளைச் சுரண்டினால் நாற்பது வாசனைகள் ஒவ்வொன்றாக வரும். அதில் பீட்சா, ஊறவைத்த வெள்ளரிக்காய், ரூட் பீர் எல்லாம் உண்டு. ஆயாவிடம் கொடுத்திருந்தால் நல்ல மூக்கோடு இருந்த காலத்திலேயே பெயிலாகியிருக்கும். எங்கள் ஊருக்கு ஒன்று செய்தால் வேகிற மஞ்சள், நெத்திலி, காய்ச்சின நெய், புளித்த திப்பி, குட்டைத் தண்ணி என்று வைக்கலாம். சளி பிடித்தாலும் மோப்பம் போகும், வயசானாலும் மங்கும், கொரோனா வந்தவர்கள் எத்தனை பேருக்குப் போனது என்று நமக்கே தெரியும். அதனால் மல்லி மணக்கவில்லை என்றதும் பயந்துவிடாதீர்கள். அடுத்த முறை வீட்டுப் பெரியவர்களைக் கை நடுக்கத்துக்கோ நடை தளர்ச்சிக்கோ நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகும்போது ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள்: வாசனை தெரிவது எப்போதிலிருந்து குறைந்தது, தூக்கத்தில் கத்துகிறார்களா, மலச்சிக்கல் எத்தனை வருசமாக, கையெழுத்தோ கோலமோ சிறுத்ததா. அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.